காயம், நாடா, கைதட்டல்: ஸ்டீவ் ரைஷின் இசையில் யாருடைய குரல்?

மேற்கத்திய 'செவ்வியல் இசை' என்றதும் நம்மவர்களுக்கு மொஸார்ட்டும் பீத்தோவனும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மிஞ்சிப்போனால் ஸ்ட்ராவின்ஸ்கி. செத்துப்போனவர்களின் இசை என்று ஒரு நினைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒலிநாடா என்கிற பொருள் இசைஞனின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதோடு 'இசையமைப்பது' என்ற சொல்லின் அர்த்தமே மாறிப்போனது. இதுபற்றித் தமிழில் பேச்சு குறைவு. இசை பற்றி எழுதுகிறவர்கள் அரசியலைத் தொடமாட்டார்கள். அரசியல் பேசுகிறவர்களுக்கோ இசை என்றால் மேடைப்பாட்டு, பாட்டில் வரிகள், வரிகளில் 'கருத்து' இருக்கா இல்லையா, அவ்வளவுதான். இரண்டு தரப்பும் கண்டுகொள்ளாத இடத்தில் ஒரு கேள்வி கிடக்கிறது. அடிபட்டவனின் குரலை, சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவளின் குரலை, ஒரு இயந்திரத்தில் பிடித்து இசையாக்கினால் அந்தக் குரல் அதற்குப் பிறகு யாருடையது?

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் சில படைப்புகளை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம். 1936இல் நியூயார்க்கில் பிறந்தவர். 'மினிமலிசம்' என்ற அடையாளச் சீட்டு அவர்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. (குறைந்தபட்சவாதம் என்று மொழிபெயர்த்தால் ஏதோ குறைந்தபட்சக் கூலி மாதிரி இருக்கிறது. மினிமலிசம் என்றே வைத்துக்கொள்வோம்.) ஒரு சின்ன இசைத்துண்டு திரும்பத் திரும்ப வரும். கேட்பவருக்கு முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கவனித்தால் அந்தத் திரும்பல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வேறொன்றாகிக்கொண்டிருப்பது தெரியும். 1968இல் எழுதிய ஒரு கட்டுரையில் ரைஷ் இதற்கு ஊஞ்சலையும் மணல் கடிகாரத்தையும் உதாரணம் காட்டுகிறார். தள்ளிவிட்டால் போதும், பிறகு அது தானாக ஓடி நிற்கும். இசையமைப்பாளனின் 'சுயம்' குறுக்கே வராது. தன்னிலை, படைப்பாளியின் மரணம் என்றெல்லாம் தத்துவம் படித்த நமக்கு இது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊஞ்சலில் உட்கார்த்தி வைக்கப்பட்டது யார் என்று பார்க்காமல் இந்தக் கவர்ச்சியை ஏற்றுக்கொள்ள முடியாது.

1964 ஏப்ரல் 17, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. கறுப்பினச் சிறுவர்கள் விளையாட்டுத்தனமாக ஒரு பழக்கடையைத் தட்டிவிடுகிறார்கள். போலீஸ் வருகிறது, சிறுவர்களைத் தடியால் அடிக்கிறது. ஏன் அடிக்கிறீர்கள் என்று குறுக்கே போனவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதில் டேனியல் ஹாம், வாலஸ் பேக்கர் என்ற இரண்டு இளைஞர்களும் உண்டு. ஸ்டேஷனில் மாறி மாறி அடித்தார்கள். ரத்தம் வழிகிறவர்களை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. ஹாமுக்கு உடம்பு கன்றிப்போயிருந்தது, ஆனால் ரத்தம் வெளியே வரவில்லை. வராவிட்டால் அது காயம் இல்லை, அடித்ததாகவே ஆகாது. அதனால் கன்றிய இடத்தைத் தானே பிதுக்கித் திறந்து, கட்டிய ரத்தத்தை வெளியே வரவைத்து அவர்களுக்குக் காட்டினார். பன்னிரண்டு நாள் கழித்து அதே பகுதியில் ஒரு கடைக்காரப் பெண்மணி கொல்லப்பட்டபோது இவர்கள் உட்பட ஆறு பேரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. 1965இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை. 'ஹார்லெம் அறுவர்' என்று வரலாற்றில் பெயர். ஜேம்ஸ் பால்ட்வின் 1966இல் 'தி நேஷன்' பத்திரிகையில் இவர்களைப் பற்றித்தான் எழுதினார். ஹார்லெமை ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசம் என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே சொல்லியது.

இவர்களுக்காக இயங்கியவர் ட்ரூமன் நெல்சன் என்கிற வெள்ளையின எழுத்தாளர். இளைஞர்கள், தாய்மார்கள், போலீஸ் எல்லோருடைய குரலும் அடங்கிய நாடாச் சுருள்கள் அவரிடம் இருந்தன. மறுவிசாரணைக்கு நிதி திரட்ட 1966 ஏப்ரலில் நியூயார்க் டவுன் ஹாலில் கூட்டம். அதற்காக இந்த நாடாக்களை வெட்டி ஒட்டி ஒரு ஒலிச்சித்திரம் செய்துதரச் சொல்லி ரைஷிடம் வருகிறார். ரைஷ் ஒத்துக்கொள்கிறார், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: இந்தச் சுருள்களில் பிடித்த ஒரு துண்டு கிடைத்தால் அதை வைத்துத் தனக்கென ஒரு இசைப்படைப்பு செய்துகொள்ள அனுமதி வேண்டும். நெல்சன் சரி என்கிறார். இந்த ஒப்பந்தத்தை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். நல்ல மனிதர்கள் இரண்டு பேர், நல்ல காரியத்துக்காக, நியாயமான ஒரு பேரம் பேசுகிறார்கள். பேரத்தின் பொருள் சிறையில் இருக்கிறது.

அப்படிப் பிறந்ததுதான் 'கம் அவுட்', சுமார் 13 நிமிடம். காயத்தைத் திறந்த கதையை ஹாம் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். அது முழுசாக மூன்று தடவை வரும். பிறகு வாக்கியத்தின் கடைசி ஐந்து சொற்கள் மட்டும் (வெளியே வந்து அவர்களுக்குக் காட்ட என்ற பொருளில்) வளையமாகச் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு தடங்கள், ஒரே துண்டு, ஒன்று மட்டும் இம்மியளவு வேகம் மாறி ஓடுகிறது. முதலில் கூடத்தில் எதிரொலிப்பது போல இருக்கும். பிறகு இரண்டு பேர். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஒன்பதாவது பத்தாவது நிமிடத்தில் சொல் இல்லை. மெய்யெழுத்துகள் சருகு மாதிரி சரசரக்கின்றன, உயிரெழுத்துகள் ஒரு ரீங்காரமாகக் கீழே ஓடுகின்றன. முடியும்போது அங்கே மனிதன் பேசினான் என்பதற்கே சுவடு கிடையாது.

இந்த உத்தி அவருக்கு முந்தின வருடம் ஒரு தற்செயலில் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் நோவாவின் பிரளயத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஒரு கறுப்பின ஊழியரை 1964இல் பதிவு செய்திருந்தார். கியூபா ஏவுகணை நெருக்கடியின் பயம் இன்னும் அடங்காத காலம். இரண்டு மலிவு விலை டேப்ரிக்கார்டர்களில் ஒரே துண்டை ஒரே நேரத்தில் ஓடவிட முயன்றபோது அவை தாமாகவே ஒன்றையொன்று விட்டு விலகின. அந்த விலகலை அவர் 'பிழை' என்று திருத்தாமல் காது கொடுத்துக் கேட்டார். அதுதான் 1965இன் 'இட்ஸ் கான்னா ரெய்ன்'. கண்டுபிடிப்பு என்ற அளவில் அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் உலகம் மூழ்கப்போகிறது என்று ஒரு பிரசங்கி கூவுவதும், என் உடம்பை நானே கிழித்துக் காட்டினேன் என்று ஒருவன் சாட்சி சொல்வதும் ஒரே மாதிரிக் 'கச்சாப்பொருள்' ஆகிவிடுமா?

பேச்சின் சுருதியையும் ஒலிநிறத்தையும் மாற்றாததால் அதன் மூல உணர்ச்சி காப்பாற்றப்படுகிறது, திரும்பத் திரும்ப வருவதால் அதன் ராகமும் பொருளும் தீவிரப்படுகின்றன என்பது ரைஷின் வாதம். பாதிதான் உண்மை. ராகம் தீவிரப்படுகிறது, சந்தேகமில்லை. பொருள்? உண்மை அறியும் குழுக்களில் போய் வாக்குமூலம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். சாட்சியம் என்பது வாக்கியத்தில் மட்டும் இல்லை. யார், எந்த இடம், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், தடியா பூட்ஸா என்ற விவரங்களில் இருக்கிறது. 'கம் அவுட்'டில் 'அவர்களுக்கு' என்ற சொல் இருக்கிறது. அந்த 'அவர்கள்' போலீஸ் என்பது இல்லை. டவுன் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கதை தெரியும். அங்கே இந்த இசை துண்டு ஏந்தி வசூல் செய்யும் நேரத்தில் ஓடியது என்று ரைஷே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தச் சூழலில் அது சாட்சியத்தின் தொடர்ச்சி. அடுத்த வருடம் கொலம்பியா கம்பெனியின் 'ஒடிஸி' வரிசையில், புதிய மின்னணு ஒலிகளின் தொகுப்பு ஒன்றில் இசைத்தட்டாக வந்தபோது? அங்கே அது ஒலியில் ஒரு சோதனை. இந்தப் படைப்பில் 'அரசியல்' எங்கே இருக்கிறது என்பதே சிக்கல் என்று சுமந்த் கோபிநாத் 2009இல் வெளிவந்த விரிவான கட்டுரையில் விவாதிக்கிறார். பிரதிக்குள்ளே தேடினால் கிடைக்காது, பிரதியைச் சுற்றி நின்றவர்களிடம்தான் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

இதற்கு நேர் எதிரான ஒரு வாசிப்பும் சாத்தியம், அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டேஷன் அறையில் ஒரு மனிதனை என்ன செய்கிறார்கள்? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவன் சொன்னதையே அவனுக்கு அந்நியமாக்கி, கடைசியில் அவன் பேச்சைச் சத்தமாக மாற்றுகிறார்கள். 'கம் அவுட்' அந்தச் செயல்பாட்டையே நம் காதில் நிகழ்த்துகிறது. இயந்திரம் நிற்கவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. 1982இல் பெல்ஜிய நடனக் கலைஞர் ஆன் தெரேசா தெ கீர்ஸ்மாக்கர் இந்த இசைக்கு நடனம் அமைத்தபோது இரண்டு பெண்களை முக்காலிகளில் உட்காரவைத்தார். தலைக்கு மேலே தொங்கும் விளக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் கை, தோள், கழுத்து மட்டும் வெட்டி வெட்டி அசையும். விசாரணை அறை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடாவிலிருந்து காணாமல் போன உடம்பு அங்கே திரும்பி வந்தது. ஆனால் அந்த உடம்பு ஹாமுடையது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே அடோர்னோவை இழுக்காமல் இருக்க முடியாது. ஆஷ்விட்ஸுக்குப் பிறகு கவிதை எழுதுவது பற்றி அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டித் தேய்த்துவிட்டோம். அதைவிட முக்கியமானது 1962இல் ஷேன்பெர்க்கின் 'வார்ஸாவிலிருந்து தப்பியவன்' பற்றி அவர் எழுப்பிய சங்கடம். துப்பாக்கிக் கட்டையால் அடித்து வீழ்த்தப்பட்டவர்களின் வலிக்குக் கலைவடிவம் கொடுத்தாலே அதிலிருந்து ஒரு துளி இன்பம் பிழியப்படும் வாய்ப்பு வந்துவிடுகிறது. கேட்பவன் அழுதாலும் அது அவனுக்குக் கிடைத்த நல்ல அனுபவம்தானே. போலந்துக்காரர் பென்டெரெட்ஸ்கி 52 தந்திக்கருவிகளுக்காக எழுதிய படைப்புக்கு முதலில் வைத்த பெயர் வெறும் கால அளவு, '8 நிமிடம் 37 விநாடி'. பிறகுதான் 'ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்கு இரங்கல்' ஆனது. பெயர் மாறியதும் அதே ஒலிக்கு லட்சம் பேரின் சாவு சொந்தமாகிவிட்டது. பென்டெரெட்ஸ்கி ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. தலைப்பு எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள் என்கிறேன். ரைஷ் விஷயத்தில் இந்தக் குற்றச்சாட்டு இன்னும் கூர்மையாகிறது. அங்கே இருப்பது தலைப்பில் நினைவுகூரப்பட்ட யாரோ அல்ல, நிஜமான தொண்டைகள்.

ரைஷுக்கே இது உறைத்திருக்க வேண்டும். 1988இன் 'டிஃபரன்ட் ட்ரெய்ன்ஸ்' அதற்கு அத்தாட்சி. க்ரோனோஸ் என்ற தந்திக்கருவி நால்வர் குழுவுக்காக எழுதப்பட்டது. பெற்றோர் பிரிந்துவிட்ட குழந்தையாக 1939 முதல் 1942 வரை அவர் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையில் ரயிலில் போய்வந்தார், கூட விர்ஜீனியா என்ற ஆயா. அதே வருடங்களில் ஐரோப்பாவில் பிறந்திருந்தால் யூதக் குழந்தையான தான் வேறு ரயில்களில் ஏற்றப்பட்டிருப்பேன் என்ற நினைப்பிலிருந்து பிறந்த இசை. வயதான விர்ஜீனியாவின் குரல். லாரன்ஸ் டேவிஸ் என்ற ஓய்வுபெற்ற புல்மன் ரயில் பணியாளரின் குரல். முகாம்களிலிருந்து பிழைத்து அமெரிக்கா வந்த ரஷெல்லா, பால், ரேச்சல் மூவரின் குரல்கள். இவற்றோடு ரயில் விசில்கள், போர்க்கால அபாயச் சங்குகள்.

இப்போது நாடா வளையம் இல்லை, சாம்ப்ளர் என்ற கருவி இருக்கிறது. குரலைத் துண்டாகச் சேமித்து விசைப்பலகையில் அழுத்தினால் பேசும். ஆனால் முக்கியமான மாற்றம் கருவியில் இல்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தை ரைஷ் அப்படியே சுரங்களாக எழுதிக்கொள்கிறார். பெண்கள் பேசினால் வயோலா, ஆண்கள் பேசினால் செல்லோ அதைப் பின்பற்றும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம், ஒரு சுருதி. ஆள் மாறினால் தாளமும் ஸ்தாயியும் மாறியே தீரவேண்டும். சீரான துடிப்பைக் கடவுளாகக் கும்பிட்ட ஒரு இசைமரபில் இது சாதாரண விட்டுக்கொடுப்பு இல்லை. உலகப் புகழ்பெற்ற நால்வர், ஒரு கிழவியின் மூச்சுக்குக் கட்டுப்பட்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. 'கம் அவுட்'டில் இயந்திரத்தின் விதிக்குக் குரல் கட்டுப்பட்டது. இங்கே குரலின் விதிக்கு வாத்தியம் கட்டுப்படுகிறது. ரிச்சர்ட் தருஸ்கின் என்ற காரமான விமர்சகர் 1997இல் நாஜிப் படுகொலைக்கு இசையில் வந்த ஒரே தகுதியான எதிர்வினை இதுதான் என்கிற அளவுக்குப் போனார்.

அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. கவனித்துக் கேளுங்கள்: பெரும்பாலும் வாத்தியம்தான் முதலில் வருகிறது, அதற்குப் பிறகே குரல். செல்லோ சொல்லிமுடித்ததைச் சாட்சி வந்து ஆமோதிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நீண்ட பதிவுகளிலிருந்து எந்தத் துண்டு வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தீர்மானித்ததும் ஒலிநயம்தான். 2010இல் ஏமி லின் வ்லோடார்ஸ்கி மூலப் பதிவுகளோடு ஒப்பிட்டு, இங்கே பேசுவது பிழைத்து வந்தவர்கள் மட்டுமல்ல, அவர்களைக் கேட்ட ரைஷும்தான் என்று காட்டினார். அது குறையென்று நான் நினைக்கவில்லை. கேட்பவன் இல்லாத சாட்சியம் எது? எனக்கு உறுத்துவது லாரன்ஸ் டேவிஸ்.

புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லோரும் 'ஜார்ஜ்'. எஜமானின் பெயரே அடிமைக்கும் என்ற பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. மாதம் 400 மணி நேரம் வேலை, சம்பளத்தில் பெரும்பங்கு டிப்ஸ். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, பன்னிரண்டு வருடம் போராடி 1937இல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. ரைஷ் என்ற குழந்தை ரயிலேறியது அதற்கு இரண்டே வருடம் கழித்து. இந்த டேவிஸ் இசையில் என்ன சொல்கிறார்? ஊர்ப் பெயர்கள். ரயிலின் வேகம். இப்போது அந்த ரயில்கள் எல்லாம் போய்விட்டன என்ற ஏக்கம். அவருடைய உழைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'வெவ்வேறு ரயில்கள்' என்ற தலைப்பே அமெரிக்க ரயிலை நிரபராதி ஆக்கித்தான் ஐரோப்பிய ரயிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. ஒரே பெட்டிக்குள் படுத்துப் போகிறவனுக்கும் படுக்கை விரிக்கிறவனுக்கும் வேறு வேறு ரயில் என்பதை இந்த இசை கேட்கத் தவறிவிட்டது. 'கம் அவுட்'டைச் செய்தவரின் காது இதைத் தவறவிட்டது என்பதுதான் வருத்தம்.

இருந்தாலும் அதன் முடிவை என்னால் தள்ள முடியவில்லை. போர் முடிந்துவிட்டது, அமெரிக்க ரயில் ஓடுகிறது. ரஷெல்லா ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். அழகான குரல் அவளுக்கு. ஜெர்மானியர்கள் அவள் பாட்டை விரும்பிக் கேட்பார்கள், நிறுத்தினால் இன்னும் பாடச் சொல்வார்கள், கைதட்டுவார்கள். அவ்வளவுதான், இசை தேய்ந்து நின்றுவிடுகிறது. அப்புறம் அரங்கத்தில் நாம் என்ன செய்கிறோம்? கைதட்டுகிறோம். அடோர்னோவின் சங்கடத்தை யாரும் கட்டுரை எழுதித் தீர்க்க முடியாது. ரைஷ் அதைத் தீர்க்கவும் இல்லை, நம் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதே கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகிய ஒருவர் இத்தாலியின் லூயிஜி நோனோ. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1964இல் அவர் செய்த 'லா ஃபாப்ரிகா இல்லுமினாட்டா'வுக்கு ஜெனோவா நகரின் இட்டால்சீடர் எஃகு ஆலைக்குள் போய் உலை, உருளை, சங்குச் சத்தங்களைப் பதிவு செய்தார். கார்லா ஹீனியஸ் என்ற பாடகி மேடையில் தனியாக நின்று, நாடாவில் ஓடும் ஆலையோடு மோதிப் பாடுவார். படைப்பு அந்தத் தொழிலாளர்களுக்கே காணிக்கை. அதோடு விடவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் தொழிலாளர்களுக்குப் போட்டுக்காட்டி விவாதித்தார். தினமும் அதே சத்தத்தில் வேலை செய்தும் அது தங்களை என்ன செய்கிறது என்பது இதைக் கேட்டபோதுதான் உறைத்தது என்று தொழிலாளர்கள் பேசியதாக நோனோ சொல்லியிருக்கிறார். நோனோவின் வார்த்தையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் யாரிடமிருந்து ஒலி எடுக்கப்பட்டதோ அவர்கள் முன்னால் அது திரும்பி வந்து நின்றது. ஆங்கிலேயர் கவின் ப்ரையர்ஸின் படைப்பில் அது நடக்கவே இல்லை. 1971இல் லண்டன் தெருவோர மனிதர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காக எடுத்த ஒலிப்பதிவில் ஒரு முதியவர் பாடிய பக்திப்பாட்டுத் துண்டு கிடைத்தது. ப்ரையர்ஸ் அதை வளையமாக்கி மெதுவாக ஆர்க்கெஸ்ட்ராவை அடியில் ஏற்றினார். பாடியவர் அதைக் கேட்காமலே செத்துப்போனார். கேட்கக் கேட்கத் தொண்டையை அடைக்கிற இசைதான். எனக்கு மட்டும் அந்த ஆர்க்கெஸ்ட்ரா கிழவருக்குப் போர்த்திய கம்பளி மாதிரியும் இருக்கிறது, அவர் முகத்தை மூடிய துணி மாதிரியும் இருக்கிறது.

ரைஷின் பிற்காலப் படைப்புகளில் தொழில்நுட்பமே பேசுபொருளாகிறது. மனைவி பெரில் கோரொட்டின் வீடியோவோடு 2002இல் வந்த 'த்ரீ டேல்ஸ்' மூன்று கதைகள் சொல்கிறது: 1937இல் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல், பிகினித் தீவின் அணுகுண்டுச் சோதனைகள், டாலி என்ற நகல் ஆடு. கடைசிப் பகுதியில் டாக்கின்ஸ், மின்ஸ்கி, கர்ஸ்வைல் என்று பெரிய விஞ்ஞானிகள், தொழில்நுட்பவாதிகள் பேசுகிறார்கள், ஒரு யூத மதகுரு பேசுகிறார், ஒரு ரோபோகூடப் பேசுகிறது. மனிதனே ஒரு இயந்திரம்தானா, சாவை ஒத்திப்போடலாமா என்று விவாதம். 1946இல் 167 பிகினித் தீவுக்காரர்கள் தங்கள் மண்ணிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள், அவர்கள் 'சம்மதம்' தெரிவிக்கும் காட்சியை அமெரிக்க ராணுவம் கேமரா முன்னால் பலமுறை நடிக்கவைத்துப் படமெடுத்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்: மரணமின்மையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த இசையில் எவ்வளவு வாய், வெளியேற்றப்பட்டவர்களுக்கு எவ்வளவு? வீடியோ ஓபரா என்ற பெயரில் செய்யப்பட்ட நல்ல பட்டிமன்றம் அது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

'டபிள்யுடிசி 9/11' அப்படி ஒதுக்க முடியாதது. இரட்டைக் கோபுரங்களிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் ரைஷின் வீடு. 2001 செப்டம்பர் 11 அன்று அவர் வெர்மான்ட்டில் இருந்தார். வீட்டில் மகன், மருமகள், பேத்தி. தொலைபேசியைத் துண்டிக்காமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2011இல் முதலில் வாசிக்கப்பட்ட இந்தப் படைப்பு, ரிசீவரை எடுத்து அப்படியே வைத்துவிட்டால் வருமே, அந்த எச்சரிக்கை ஒலியோடு தொடங்குகிறது. வயலின் அதையே பிடித்துக்கொள்கிறது. வான்பாதுகாப்புப் படையின் பதற்றம், தீயணைப்பு வீரர்களின் பேச்சு, அக்கம்பக்கத்தார் நினைவுகள். பேசுகிறவர் சொல்லை முடித்த பிறகும் அதன் கடைசி ஒலி நீண்டுகொண்டே இருக்கும், அடுத்தவர் பேச்சு அதன்மேல் விழும். சினிமாவில் பிம்பத்தை உறையவைப்பது மாதிரி ஒலியை உறையவைப்பது. 1973லேயே அவர் யோசித்தது, அப்போது கருவி இல்லை. செத்தவனின் சொல் அந்தரத்தில் நிற்கிறது, கீழே வர மறுக்கிறது. சுருதி மாறாமல் ஒரு மூச்சை முடிவில்லாமல் இழுக்கக் கணினியால் முடியும், மனிதனால் முடியாது. அந்த வித்தியாசத்தில்தான் இதன் துக்கம் இருக்கிறது. மூன்றாம் பகுதியில், கோபுரங்களில் மாண்டவர்களின் சிதைந்த உடல்களுக்கு அருகில் மாதக்கணக்கில் முறை வைத்து உட்கார்ந்து சங்கீதங்கள் ஓதிய யூதப் பெண்கள் பேசுகிறார்கள். பிணத்தைத் தனியே விடக்கூடாது என்பது அவர்கள் மரபு.

இசைத்தட்டின் அட்டையில் விமானம் கோபுரத்தை நெருங்கும் புகைப்படத்தைப் போட்டதும் ரகளை. எதிர்ப்பு வலுத்து அட்டையை மாற்றினார்கள். படத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு. குரல்களைப் பற்றி அவ்வளவு இல்லை. ராணுவத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஆவணக் காப்பகம் உண்டு, அவர்கள் பேச்சு தேதியோடு நேரத்தோடு கிடைக்கும். ஹார்லெம் ஸ்டேஷன் அறைக்குள் அந்த இரவில் கேட்ட சத்தம் நம்மிடம் இல்லை. அடிபட்டவன் பிற்பாடு சொன்னதுதான் இருக்கிறது. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தான்மேல் விழ ஆரம்பித்த குண்டுகளுக்குக் கீழே எந்தத் தொலைபேசி எடுத்துவைக்கப்பட்டிருந்தது என்று இந்த இசை கேட்கவில்லை. ஒரு தகப்பனின் பயத்திலிருந்து பிறந்த படைப்பிடம் எல்லாவற்றையும் கேட்பது நியாயமா என்று எதிர்க்கேள்வி வரும். நியாயம்தான். ஆனால் எந்தச் சாவுக்குப் பதிவுக் கருவி வாய்க்கிறது, எதற்கு வாய்க்கவில்லை என்பது இசையமைப்பாளன் பேனாவை எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிற விஷயம். அதை மறந்துவிட்டுத் தொழில்நுட்பம், மரணம் என்று பொதுவாகப் பேசினால் எல்லோருக்கும் வசதி.

ஹாமின் கதைக்கு வருவோம். 1968இல் மேல்நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. மறுபடி விசாரணை, மறுபடி இழுத்தடிப்பு, பேரங்கள். 1973இல் நாலு பேர் வெளியே வந்தார்கள். ஹாம் 1974இல் வந்தார். அதற்குள் அவர் குரல் எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது. 1969இல் கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற ராக் பாடகர் அந்த ஐந்து சொற்களைத் தன் பாட்டில் எடுத்துப் போட்டார். வெகுகாலம் கழித்து 2004இல் மேட்வில்லன் என்ற கறுப்பின ராப் ஜோடி அதே துண்டைத் தங்கள் பாட்டுக்கு முன்னுரையாக வைத்தது. குரல் வெளியே வந்து பல வருடம் கழித்து ஆள் வெளியே வந்தார்.

அந்த வாக்கியத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கன்றிய காயத்துக்கு ஆங்கிலத்தில் 'ப்ரூஸ்'. அந்த ரத்தத்தைச் சொல்லும் இடத்தில் ஹாமின் நாக்குப் பிறழ்ந்து 'ப்ளூஸ்' என்று விழுந்துவிடுகிறது. கறுப்பர்களின் துயர இசைக்குப் பெயரே அதுதானே. பிற்பாடு இதைப் பிடித்துக்கொண்டவர் க்ளென் லைகன் என்ற கறுப்பின ஓவியர். 2015 வெனிஸ் பினாலேயில் மைய அரங்கின் முகப்பில் 'ப்ளூஸ்', 'ரத்தம்', 'ப்ரூஸ்' என்ற பொருள் தரும் மூன்றே ஆங்கிலச் சொற்களை நியான் விளக்கில் பெரிசாக எழுதி வைத்தார். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அதற்குக் கீழேதான் போக வேண்டும். ரைஷ் வளையமாக்கிய கடைசி ஐந்து சொற்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.